நீலத்தோடு கபிலத்தைக் கட்டிவைத்த கதை: பத்து வயதுப் பையன் ஒருவனின் தொய்வு

"இவன் நடிக்கிறான் போலக் கிடக்கு டொக்டர்" என்றுதான் தாய் கதையைத் தொடங்கினார். பையன் பக்கத்துக் கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பத்து வயது, தரம் 5, புலமைப்பரிசில் ஆண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் கிரிக்கெட் பயிற்சி, அங்கிருந்து வேனில் நேரே டியூஷன். வகுப்பில் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் இருமல் தொடங்கும், நெஞ்சு இறுகுது என்பான், சேர் வீட்டுக்குக் கோல் எடுப்பார். வீட்டுக்குக் கூட்டிவந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஆள் சரி, டிவிக்கு முன்னால் இருப்பான். மைதானத்தில் ஓடும்போது வராத இருமல் கணக்குக் கொப்பியைத் திறந்ததும் வந்தால் எந்தத் தாய்க்குத்தான் சந்தேகம் வராது?

அவனை நான் பார்த்தது 2024 மார்ச்சில், வெள்ளவத்தையில் நான் நடத்தும் பின்னேரக் கிளினிக்கில். பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு மாதம் பார்த்ததில் இரண்டு முறை மருந்தை மாற்றினேன். அதில் முதலாவது மாற்றத்தில் பிழை விட்டது நான்தான். அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முன்கதை

இரண்டு வயதிலிருந்து சளி பிடித்தால் இழுப்பு. ஐந்து வயதில் தொய்வு (ஆஸ்துமா) என்று பெயர் வைத்தாயிற்று. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை வார்ட்டில் கிடந்திருக்கிறான். அதைவிட நான்கைந்து முறை நெபுலைஸ் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாயால் குடிக்கிற ஸ்டீரொயிட்டான பிரட்னிசொலோன் மூன்று தடவை. சின்ன வயதில் முழங்கை மடிப்பில் எக்சிமா. தாயின் தங்கைக்கும் தொய்வு. வீடு, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஃபிளட்டின் இரண்டாம் மாடி. அம்மம்மாவும் பையனும் ஒரே அறையில் படுப்பார்கள். இரவுக்கு அங்கே நுளம்புத்திரி எரியும். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி. வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

மருந்து என்று பார்த்தால், அரச கிளினிக்கில் இலவசமாக எடுக்கிற கபில நிறப் பம்ப், பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட், காலையும் மாலையும் 100 மைக்ரோகிராம். தேவைக்கு அடிக்க நீலப் பம்ப், சல்பியூட்டமோல். ஒரு வருடத்துக்கு முதல் இரவில் மொன்டிலூகாஸ்ட் குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிழமையில் பிள்ளை நடுச்சாமத்தில் கத்திக்கொண்டு எழும்பத் தொடங்கவே தாயே நிற்பாட்டிவிட்டார். மனநிலை, தூக்கம் தொடர்பான பக்க விளைவுகளுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் அந்தக் குளிசைக்குத் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அதெல்லாம் தாய் கேள்விப்பட்டிருக்கவில்லை. கண்ணால் கண்டார், நிற்பாட்டினார். இப்படியான தாய்மாரைக் கண்டால் எனக்கு ஒரு தனி மரியாதை.

நான் பார்த்த அன்று நெஞ்சு சுத்தம். உயரம் 136 சென்ரிமீட்டர். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊத வைத்ததில் கூடியது நிமிடத்துக்கு 255 லீட்டர். அந்த உயரத்துக்கு 280 அளவில் இருக்கலாம். பெரிய குறை இல்லை. இந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் தாய் சொல்வதுதான் சரி என்று நானும் நினைத்திருப்பேன்.

"தம்பி, எத்தனை ஓவர் போடுவாய்?" என்று கேட்டேன்.

"மூண்டு ஓவர் டொக்டர். பிறகு சேர் ஃபைன் லெக்கில நிப்பாட்டுவார்."

"ஏன் மூண்டோட நிப்பாட்டுறார்?"

"நாலாவது ஓவருக்கு என்னால ஓட ஏலாது. இருமல் வரும்."

அப்போ மைதானத்திலும் வருகிறது. யாரும் அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒழுங்கையில் ஒரு ஓட்டம்

ஓடுவதால் மூச்சுக்குழாய் சுருங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய்கள் பொதுவாக விரிந்துதான் இருக்கும். ஓடி நின்ற பிறகுதான் சுருக்கம் ஏறும். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தானாக இறங்கிவிடும். மைதானத்திலிருந்து டியூஷனுக்கு வேனில் பத்து நிமிடம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். உச்சம் வருகிற நேரத்தில் பையன் ஏசி வகுப்பில் இருக்கிறான், வீட்டுக்கு வந்து சேரும்போது சரியாகிவிடுகிறது. நடிப்பு என்று வீட்டில் நினைத்தது இந்த வருத்தத்தின் அச்சான நேர அட்டவணை.

கொழும்புக் காற்று இவ்வளவு ஈரமாக இருக்க, காய்ந்த குளிர்காற்றால் வருகிற வருத்தம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நுரையீரலுக்குள் போகிற காற்று 37 பாகை சூட்டுக்கும் முழு ஈரப்பதத்துக்கும் வந்தாக வேண்டும். சாதாரணமாக இந்த வேலையை மூக்கு பார்த்துக்கொள்ளும். வேகப்பந்து போடுகிற பிள்ளை வாயால்தான் மூச்செடுக்கும். அப்போது குழாயின் உட்சுவரே தன் ஈரத்தைக் கொடுக்க வேண்டிவருகிறது. சுவர் காய, அங்கே இருக்கும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமீன், லூக்கோட்ரையீன் என்ற இரசாயனங்களைக் கொட்ட, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. ஈரக்காற்று இதைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பிறகு வியர்வையோடு போய் ஏசிக்கு முன்னால் இருந்தால் காய்ந்த குளிர்காற்றும் கிடைத்துவிடுகிறது. காலி வீதியின் பஸ் புகையைத் தனியே சொல்லத் தேவையில்லை.

ஓடும் இயந்திரம் எங்களிடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலை, நீலப் பம்பும் ஸ்பேசரும் (பம்பைச் செருகி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) கையில், நான் ஒரு பக்கம் தாய் ஒரு பக்கமாக நிற்க, ரயில் பாதை வரைக்கும் இறங்கும் ஒழுங்கையில் ஆறு நிமிடம் அவனை ஓடவிட்டேன். ஓட முதல் 255. நின்றவுடன் 260. ஏழாவது நிமிடத்தில் 195. கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. பிள்ளைகளில் பீக் ஃப்ளோ 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தாலே சோதனை பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஸ்பேசரில் நான்கு முறை சல்பியூட்டமோல் கொடுத்துப் பத்து நிமிடத்தில் பார்த்தால் 265. இருமிக்கொண்டே தாயைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். தாய் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

(இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லாத தொய்வில் இந்த ஓட்டம் ஆபத்தாக முடியலாம்.)

கபிலம் எங்கே போனது

குறைந்த அளவு ஸ்டீரொயிட் எடுக்கும் பிள்ளைக்கு இவ்வளவு தொல்லை என்றால் அடுத்த படிக்கு ஏறு என்றுதான் புத்தகம் சொல்லும். ஏற முதல், இருக்கிற மருந்து உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்வதும் அதே புத்தகம்தான். அந்த வரியை நாங்கள் அவசரத்தில் தாண்டிப்போய்விடுவோம்.

"அடிச்சுக் காட்டுங்கோ" என்றேன். தாய் பம்பைக் குலுக்காமல் ஸ்பேசரில் செருகி, இரண்டு முறை சேர்த்து அடித்தார். பையன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு வாயை எடுத்தான். ஸ்பேசரின் வால்வு ஒரு பக்கம் ஒட்டிப்போயிருந்தது. கழுவினால் துவாயால் துடைத்து வைப்பார்களாம். துடைத்தால் பிளாஸ்டிக் மின்னேற்றம் பிடிக்கும், மருந்து நெஞ்சுக்குப் போகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு அடி, அதற்கு ஐந்து நிதானமான மூச்சு. பிறகு மற்ற அடி. முடிந்ததும் வாய் கொப்பளிப்பு.

"ஒவ்வொரு நாளும் அடிக்கிறனீங்களோ?"

"ஓம் டொக்டர். கூடுதலா அடிக்கிறது."

இந்தக் "கூடுதலா" என்ற சொல்லுக்குள் ஒரு கடலே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. 2022இல் நாடே மருந்துக்கு அல்லாடிய மாதங்களில், கபிலப் பம்ப் அடுத்த மாதம் கிடைக்குமா என்று தெரியாமல் இந்த வீட்டில் மிச்சம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லாயிருக்கிற நாளில் அடிப்பதில்லை. நீலத்தை மட்டும் விடவில்லை, ஏனென்றால் அதுதான் "வேலை செய்கிற" பம்ப். நெருக்கடி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அலுமாரியில் உடைக்காத கபிலப் பம்ப் மூன்று இருந்தது.

இதில் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீலம் அடித்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் முகம் தெளிகிறது. கபிலம் அடித்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்காது. நிற்பாட்டினாலும் அடுத்த நாளே ஒன்றும் நடக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நீங்களும் நானும் நீலத்தைத்தான் எடுப்போம்.

தாய்க்கு நான் சொன்ன விளக்கம் இது. வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் கதவைத் தள்ளி மூடப் பார்க்கிறான், மற்றவன் உள்ளே மண்மூட்டை அடுக்குகிறான். தசை இறுகுவது முதலாமவனின் வேலை, உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது இரண்டாமவனின் வேலை. நீலம் கதவுக்காரனை மட்டும் பிடித்து இழுக்கும், நாலைந்து மணித்தியாலத்தில் கையை விட்டுவிடும். மூட்டை அப்படியே கிடக்கும், நாளுக்கு நாள் ஏறும். கடைசியில் கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் ஆள் போக இடமிருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற இரவு அதுதான்.

எட்டுக் கிழமைக்கு மருந்தை மாற்றவே இல்லை. அதே பெக்லோமெத்தசோன், புது ஸ்பேசர், நுளம்புத்திரிக்குப் பதில் நுளம்பு வலை. மே மாதம் வந்தபோது இரவு இருமல் நின்றிருந்தது. நீலம் அடிப்பது கிழமைக்கு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. அந்த மூன்றும் பயிற்சி நாட்கள். நான்காவது ஓவர் இன்னும் வரவில்லை.

அடுத்த படியில் என்ன

ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த இடத்தில் பல வழிகள் உண்டு. ஸ்டீரொயிட்டைக் கூட்டலாம். நீண்ட நேரம் வேலை செய்கிற தசை தளர்த்தி ஒன்றை ஸ்டீரொயிட்டோடு சேர்க்கலாம். மொன்டிலூகாஸ்ட் சேர்க்கலாம், இவனுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. 2010இல் வெளியான பேட்ஜர் என்ற அமெரிக்க ஆய்வில், குறைந்த அளவு ஸ்டீரொயிட்டில் அடங்காத 182 பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். தசை தளர்த்தியைச் சேர்த்ததுதான் கூடுதலான பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனாலும் மற்ற இரண்டுக்கும் நன்றாக அடங்கிய பிள்ளைகளும் கணிசம். சராசரி நமக்கு வழி காட்டும், முன்னால் இருக்கிற பிள்ளையைக் காட்டாது.

சேர்ப்பதில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. தசை தளர்த்தி போய்ப் பிடித்துக்கொள்ளும் பீட்டா-2 வாங்கிகளைக் கலம் கூடுதலாகச் செய்ய ஸ்டீரொயிட் உதவுகிறது. ஸ்டீரொயிட்டின் வாங்கி கலத்தின் கருவுக்குள் போய் வேலை தொடங்கத் தசை தளர்த்தி உதவுகிறது. ஒன்றுக்கொன்று கை கொடுக்கிற சோடி.

"நெடுநேர மருந்து ஆபத்தாமே, நெட்டில் பார்த்தேன்" என்று தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையான கதை ஒன்று உண்டு. சல்மெட்டரோல் என்ற நெடுநேரத் தசை தளர்த்தியை வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு, 26,000க்கு மேற்பட்டவர்களோடு நடந்துகொண்டிருக்கும்போதே 2003இல் நிறுத்தப்பட்டது. சல்மெட்டரோல் எடுத்தவர்களில் தொய்வால் 13 பேரும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 3 பேரும் இறந்திருந்தார்கள். அந்த ஆய்வுக்கு வந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஸ்டீரொயிட் பம்ப் பாவித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கதவுக்காரனைப் பன்னிரண்டு மணித்தியாலம் பிடித்துவைத்தார்கள். மூட்டை உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு நான்கு முதல் பதினொரு வயது வரையான 6,208 பிள்ளைகளில், புளூட்டிக்காசோன் என்ற ஸ்டீரொயிட்டையும் சல்மெட்டரோலையும் ஒரே பம்பில் சேர்த்ததைத் தனிப் புளூட்டிக்காசோனோடு ஒப்பிட்ட வெஸ்ட்ரி ஆய்வு 2016இல் வந்தது. தொய்வு கடுமையாகி ஆஸ்பத்திரி வரை போனது சேர்த்த பக்கம் 27 பிள்ளைகள், தனிப் பக்கம் 21. சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. யாரும் இறக்கவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் சேர்த்த பம்புகளிலிருந்து பெட்டி எச்சரிக்கையை, அதாவது தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை, எடுத்தது. தனிச் சல்மெட்டரோலிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளைக்கு நெடுநேரத் தசை தளர்த்தியைத் தனிப் பம்பாக எழுதிக்கொடுப்பதை நான் இதனால்தான் அறவே செய்வதில்லை. இரண்டு பம்பாகக் கொடுத்தால் எது அலுமாரியில் கிடக்கும் என்பது எனக்கு முதலே தெரியும்.

சரி, இவ்வளவும் தெரிந்துகொண்டு மே மாதம் புளூட்டிக்காசோன்-சல்மெட்டரோல் பம்ப் எழுதினேன்: காலை இரண்டு, மாலை இரண்டு.

கவுண்டரில் 060

முதல் இரண்டு கிழமை அருமை. நான்காவது ஓவர் போட்டான், ஐந்தாவதும் போட்டானாம். நான்காவது கிழமை பழையபடி இருமல்.

28ஆம் நாள் வந்தார்கள். 120 அடி கொண்ட பம்ப், நாளுக்கு நான்கு. பின்பக்கக் கவுண்டரில் 8 இருந்திருக்க வேண்டும். 060 என்று நின்றது. பம்பைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். அறுபது அடி போயிருக்கிறது. காலைகள் 28, அதற்கு 56. மிச்சம் நான்கு அடி, அதாவது இரண்டே இரண்டு மாலை.

"காலமை அடிச்சா அது பன்ரெண்டு மணித்தியாலம் நிக்கும் எண்டு நீங்கதானே டொக்டர் சொன்னீங்க" என்றார் தாய். "பின்னேரம் விளையாட்டு முடிஞ்சிடும். இரவு படுக்கத்தானே போறான். ஒரு பம்ப் ரெண்டு மாசம் வந்தா நல்லதுதானே."

என் சொல்லையே எனக்குத் திருப்பித் தந்துவிட்டார். இந்தப் பம்ப் இலவசமாக வந்ததும் இல்லை, பார்மசியில் காசு கொடுத்து வாங்கியது. மிச்சம் பிடிக்கிற வீடு என்று தெரிந்திருந்தும், மாலை அடி எதற்கு என்று நான் சொல்லவில்லை. மாலை எங்கே நிற்பான், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான் என்றும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுகிற பிள்ளைக்கு "மாலை 2" என்று துண்டில் எழுதுவது மருந்து எழுதுவதில் சேர்த்தி இல்லை.

பன்னிரண்டு மணித்தியாலம் என்பதும் முழு உண்மை இல்லை. சல்மெட்டரோலைத் தொடர்ந்து எடுக்கிறவர்களில், ஓட்டத்துக்கு எதிரான பாதுகாப்பு சில கிழமைகளிலேயே நாளின் பிற்பகுதியில் தேய்ந்துவிடும் என்று 1998இலேயே ஒரு சிறிய ஆய்வு காட்டியிருந்தது: மருந்தெடுத்த அரை மணியில் பாதுகாப்பு இருந்தது, ஒன்பதாவது மணித்தியாலத்தில் இல்லை. இவன் காலை ஆறரைக்கு அடிக்கிறான், மூன்று மணிக்குப் பந்து போடுகிறான். எட்டரை மணித்தியாலம். நான் படித்த ஆய்வுதான், வசதியாக மறந்துவிட்டேன்.

ஒரே பம்ப்

ஜூன் நடுப்பகுதியில் புடெசோனைட்-ஃபோர்மோட்டெரோலுக்கு மாற்றினேன், 100/6 அளவு: ஒரு தடவைக்கு ஸ்டீரொயிட்டான புடெசோனைட் 100 மைக்ரோகிராம், ஃபோர்மோட்டெரோல் 6. ஃபோர்மோட்டெரோலும் நெடுநேர மருந்துதான், ஆனால் சல்மெட்டரோல் போல இருபது நிமிடம் காக்க வைக்காது. நீலத்தைப் போலச் சில நிமிடத்திலேயே வேலை தொடங்கிவிடும். அதனால் ஒரே பம்பை அன்றாட மருந்தாகவும் அவசர மருந்தாகவும் வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒன்று, பல் தீட்ட முதல். பயிற்சிக்கு முதல் ஒன்று. நெஞ்சு இறுகினால் ஒன்று. சில நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொன்று. எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது, அது பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கான எல்லை. எட்டை நெருங்கினால், அல்லது எடுத்தும் அடங்காவிட்டால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரி. நீலப் பம்பை வாங்கி என் லாச்சிக்குள் போட்டேன்.

இந்த முறை பிள்ளைகளில் புதிதில்லை. நான்கு முதல் பதினொரு வயது வரையான 341 பிள்ளைகளில் ஒரு வருடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியாகி, கடுமையான தாக்கங்கள் குறைவதைக் காட்டியது. ஜினா என்ற உலகத் தொய்வு வழிகாட்டியிலும் இந்த வயதுக்கான வழிகளில் ஒன்றாக இருக்கிறது. ஓட்டத்துக்கு முதல் எடுப்பதற்கான நேரடி ஆய்வு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நடந்தது. அதைப் பத்து வயதுக்கு நீட்டியது என் தீர்மானம், பெற்றோரிடமும் அப்படித்தான் சொன்னேன். 2025இல் நியூசிலாந்திலிருந்து வந்த 360 பிள்ளைகளின் ஆய்வு, லேசான தொய்வில் சல்பியூட்டமோலுக்குப் பதில் இந்தச் சேர்க்கையைத் தேவைக்கு மட்டும் கொடுத்தபோது தாக்கங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. இவனுடைய தொய்வு அதைவிடக் கடுமை, இருந்தாலும் கேள்வி ஒரே குடும்பம்.

மருந்தியலை விட எனக்குப் பிடித்தது இதன் குடும்பவியல்தான். முட்டு வந்தால் பிள்ளை பம்பைத் தேடும், அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்தத் தேடலோடு ஸ்டீரொயிட்டும் உள்ளே போய்விடுகிறது. மூட்டை ஏறுகிற நாளில்தான் கூடுதலாக எடுப்பான். மூட்டை இறக்குகிற மருந்தும் அன்றைக்குத்தான் கூடுதலாகப் போகும். மிச்சம் பிடிக்கிறவரும் இதில் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது.

கருவி மட்டும் வேறு. இது டர்புஹேலர், தூள் மருந்து. ஸ்பேசர் இல்லை, அடிப்பதும் இல்லை. நிமிர்த்திப் பிடித்து, அடிப்பாகத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருகி, "க்ளிக்" என்று கேட்கத் திருப்பித் திருகி, வாயில் வைத்துப் பலமாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுகிற பலம் அவனிடம் இருக்கிறதா என்று முதலில் பயிற்சி விசிலில் பார்த்தேன். வேகப்பந்து வீச்சாளர், வஞ்சகம் இல்லாமல் ஊளையிட வைத்தார். கருவிக்குள் ஊதக்கூடாது. கொழும்பு ஈரத்தில் மூடியைத் திறந்து வைக்கவும் கூடாது, தூள் கட்டிபட்டுவிடும்.

"ஒண்டும் வரேல்லை அம்மா" என்றான் முதல் தடவை உறிஞ்சிவிட்டு. ருசியும் இல்லை, காற்றுப் பட்டதும் இல்லை. தாயின் முகம் மாறியது. மறுபடியும் ஒன்றும் செய்யாத பம்பா? தாயின் கைப்பையில் கறுப்புக் கைக்குட்டை ஒன்று இருந்தது. அதை வாய்ப்பகுதியின் மேல் இழுத்துப் பிடித்து, துணிக்கு மேலால் உறிஞ்சச் சொன்னேன். எடுத்து விரித்தால், மாவரிக்கும் போது பறந்து ஒட்டின மாதிரி, மெல்லிய வெள்ளைப் பொடி. தாய் விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு

ஜூலையில் மறுபடி ஒழுங்கையில் ஓடவிட்டோம், ஓட முதல் ஒன்று எடுத்து. 275இலிருந்து 250. ஒன்பது சதவீதம். டியூஷன் சேரிடமிருந்து அழைப்பு வருவது நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பம்பைப் பையில் வைத்திருக்க ஒரு கடிதம் கொடுத்தேன். மிஸ் அதை மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தார், இன்னொரு கடிதம் தேவைப்பட்டது.

உயரத்தைப் பற்றிய கவலை தந்தைக்கு. மறைக்கவில்லை: ஐந்து முதல் பதின்மூன்று வயதில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைட்டைச் சில வருடம் எடுத்த பிள்ளைகள், வளர்ந்த பிறகு சராசரியாக 1.2 சென்ரிமீட்டர் குள்ளமாக இருந்தார்கள் என்று 2012இல் காட்டியிருக்கிறார்கள். இவன் பெரும்பாலான நாட்களில் எடுப்பது 100, பயிற்சி நாட்களில் 200. ஒரு வருடத்தில் மூன்று முறை பிரட்னிசொலோன் குடிப்பதும் உயரத்துக்கு நல்லதில்லை. தந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இதுவே இருக்கட்டும்" என்றார்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிவந்தார்கள். மூன்று இரவாக இருமல், நெஞ்சில் கீச்சு. தவறாமல் எடுக்கிறார்களாம், நேற்று மட்டும் ஆறு முறை எடுத்தானாம். கருவியை வாங்கிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி யன்னலில் எண்கள் பத்துப் பத்தாகத்தான் இறங்கும். இதில் சிவப்புப் பின்னணியில் சுழியம், யன்னலின் நடுவில். எத்தனை நாளாக வெறும் காற்றை உறிஞ்சியிருக்கிறான் என்று தெரியாது.

"இல்லை தம்பி, இன்னும் மருந்து கிடக்கு" என்றார் கூட வந்த அம்மம்மா. வாங்கி என் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிக் காட்டினார். கலகலவென்று கேட்டது. அவர் சொல்வதும் பொய்யில்லை. ஈரத்தை உறிஞ்ச உள்ளே போட்டிருக்கும் மணிகளின் சத்தம் அது. மருந்து முடிந்த பிறகும் அப்படித்தான் கேட்கும். குப்பையில் போடும் வரை கேட்கும். நான்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று கிளினிக்கில் ஸ்பேசரில் சல்பியூட்டமோல், புதுக் கருவி, மூன்று நாள் கழித்துத் திரும்பப் பார்த்தேன். பிரட்னிசொலோன் இல்லாமல் தப்பினோம். பரீட்சை எழுதினான். நவம்பரில் அடைமழையோடு சளி பிடித்து ஒரு நாளில் ஐந்து முறை எடுத்தான், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இறங்கிவிட்டது. பீக் ஃப்ளோ 290, உயரம் 139.5.

புதுக் கருவியின் பக்கத்தில் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, திறந்த திகதியை அம்மம்மாவே பேனையால் எழுதியிருக்கிறார். பழையதை எறிய விடவில்லையாம். பையனின் தங்கச்சி அதைக் குலுக்கி விளையாடுகிறாள்.